செவிலியருக்கு வேலையில் மனம் ஒன்றுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

மருத்துவமனைகளில் செவிலியரின் பணி ஈடுபாடு குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறு இங்கே இடம்பெறுகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பணியில் இருந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்ற நம் கட்டுரையாளர் பதில் எழுதியிருக்கிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களும் அவர்கள் பணிபுரியும் இடங்களின் பெயர்களும் வெளியிடப்படவில்லை.

கேள்வி: 80 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை ஒன்றை நிர்வகித்து வருகிறேன். 28 செவிலியர் இருக்கிறார்கள். அறுவை அரங்குக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் 10 பேர் போக, மீதி 18 பேர் மூன்று ஷிப்டாக வார்டுகளைப் பார்க்கிறார்கள். வார்டுகளில் சராசரியாக 54 நோயாளிகள் இருப்பார்கள். ஆண்டுதோறும் மே 12 அன்று செவிலியர் தினம் கொண்டாடுகிறோம், மாதந்தோறும் சிறந்த செவிலியருக்குக் கேடயம் தருகிறோம், திருச்சியிலிருந்து பேச்சாளரை அழைத்து ஊக்கப் பயிற்சியும் நடத்தினோம். இருந்தும் சொன்ன வேலையை மட்டும் செய்துவிட்டுப் போகிறார்கள். ஓராண்டுக்கு மேல் யாரும் தங்குவதில்லை. அவர்களுக்கு ஈடுபாட்டை எப்படி வரவழைப்பது?
– மருத்துவமனை நிர்வாகி, கும்பகோணம்

பதில்: விடையை உங்கள் கடிதத்தின் மூன்றாவது வாக்கியத்திலேயே எழுதிவிட்டீர்கள் ஐயா, அதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வார்டுகளுக்குப் பதினெட்டுப் பேர் என்கிறீர்கள். ஒருவர் வாரத்துக்கு ஆறு டூட்டி பார்த்தால் மொத்தம் 108 டூட்டி கிடைக்கும். வாரத்தில் 21 ஷிப்டுகள் இருப்பதால், ஒரு ஷிப்டுக்கு ஐந்து பேர் என்று காகிதத்தில் வரும். தற்செயல் விடுப்பு, காய்ச்சல், மகப்பேறு, சொல்லாமல் நின்றுவிட்டவரின் காலியிடம் என்று எல்லாவற்றையும் ஈடுகட்ட 30 விழுக்காடு கூடுதல் ஆள் வேண்டும் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறி. உங்களிடம் அந்தக் கூடுதல் ஆள் இல்லாததால் உண்மையில் வார்டில் நிற்பவர்கள் நான்கு பேர்தான். ஐம்பத்து நான்கு நோயாளிகளை நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வருகிறது. இரவில் ஆளைக் குறைப்பதும் வழக்கம் என்பதால் இரவுக் கணக்கை நான் போடவில்லை.

பொது வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிகள் என்பது அந்த மன்றம் சொல்லும் அளவு. பதின்மூன்று பேரைப் பார்ப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு நோயாளிக்கென்று கிடைப்பது நாலரை நிமிடம். அதற்குள் பி.பி. பார்த்து, காய்ச்சல் பார்த்து, ஊசி போட்டு, ட்ரிப்ஸ் மாற்றி, சிறுநீர் அளவைக் குறித்து, கேஸ் ஷீட்டில் எழுதி, ‘அம்மாவுக்கு இட்லி கொடுக்கலாமா சிஸ்டர்’ என்று கேட்கும் மகளுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். அந்த நாலரை நிமிடத்துக்குள் யாராக இருந்தாலும் சொன்னதைச் செய்ய மட்டும்தான் நேரம் இருக்கும். நீங்கள் ஈடுபாட்டுக் குறைவு என்று எண்ணுவதைச் செவிலியர்கள் தாக்குப்பிடித்தல் என்று எண்ணக்கூடும். இரண்டாவது கணிப்பே சரியென்று எனக்குப் படுகிறது.

இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. லிண்டா எய்க்கன் என்ற செவிலியர் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரையும் ஆராய்ந்து 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடும், வேலையில் அதிருப்தி கொள்ளும் வாய்ப்பு 15 விழுக்காடும் கூடின. அங்கே அவர்கள் ஒப்பிட்டது நான்கு நோயாளிகளுக்கும் எட்டு நோயாளிகளுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை. நீங்கள் பதின்மூன்றில் நிற்கிறீர்கள்.

ஐந்துக்கு ஒருவர் என்ற அளவை எட்ட வார்டுகளுக்கு மட்டும் ஏறத்தாழ ஐம்பது பேர் வேண்டும். அது அடுத்த மாதமே நடக்கும் காரியம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆறு பேரைக் கூட்டினால் பதின்மூன்று பத்தாகக் குறையும். கூடவே, செவிலியர் செய்யத் தேவையில்லாத வேலைகளை அவர்கள் தலையிலிருந்து இறக்குங்கள். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வார்டில் ஒரு நாற்காலியைப் போட்டு, யாரையும் எதுவும் கேட்காமல், ஒரு செவிலியர் எதற்காக எங்கே நடக்கிறார் என்று குறித்துப் பாருங்கள். மருந்துக்கடைக்குச் சீட்டு, லேபுக்கு ரத்தக் குழாய், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு நகல், பில் கவுண்ட்டரிலிருந்து வந்த போனுக்குப் பதில், மூன்று வார்டுக்கும் பொதுவான ஒரே பி.பி. கருவியைத் தேடி மாடிப்படி என்று ஒரு பட்டியல் உங்கள் கையில் சேரும். அதில் பாதியை ஒரு வார்டு எழுத்தரும் கூடுதலாக வாங்கும் இரண்டு பி.பி. கருவிகளும் தீர்த்துவிடும். ஊக்கப் பயிற்சிக்குச் செலவிட்ட தொகையில் அந்தக் கருவிகள் வந்திருக்கும்.

சம்பளத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. தனியார் செவிலியரின் ஊதியம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த குழு, 50 முதல் 100 படுக்கைகள் உள்ள மருத்துவமனைகளில் ஊதியம் அரசுச் செவிலியரின் ஊதியத்தைவிட 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்றும், 50 படுக்கைக்குக் குறைந்தவற்றில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. 80 படுக்கைகள் உள்ள உங்கள் மருத்துவமனை இதில் முதலாவதில் வருகிறது; நீங்கள் தரும் ஊதியம் அதற்கு ஈடாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதி. எல்லாப் பணியாளரையும் சேர்த்து எண்ணினால் நீங்களும் அதற்குள் வருவீர்கள் என்றே நினைக்கிறேன். கைக்குழந்தையை வலங்கைமானில் மாமியாரிடம் விட்டுவிட்டு வருபவரின் மனம் எங்கே இருக்கும் என்று சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை.

டூட்டி லிஸ்ட்டை நான்கு வாரத்துக்கு முன்பே ஒட்டுங்கள். மதிய டூட்டி முடியும் நேரத்தையும் நாச்சியார்கோவில் பக்கம் போகும் கடைசி பஸ்ஸின் நேரத்தையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷிப்டு முடிவதற்கு அரை மணி முன்பிருந்தே கண் கடிகாரத்தில் இருப்பது பல சமயம் அந்த பஸ்ஸினால்தான்.

மே 12-ஐ நிறுத்த வேண்டாம். ஆனால் முந்தைய இரவு நைட் டூட்டி பார்த்தவர்களைக் கேக் வெட்டும் பதினொரு மணிவரை உட்கார வைக்காதீர்கள். நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். மெழுகுவத்தியைக் கையில் கொடுத்தார்கள், எனக்குத் தூக்கத்தில் தலை சாய்ந்து பக்கத்திலிருந்தவரின் புடவை முந்தானை கருகியது.

கேள்வி: எனக்கு 26 வயது. ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. படிக்கும்போது இருந்த ஆர்வம் இப்போது இல்லை. எங்கள் வார்டில் ஒருவர் ஊசி, ஒருவர் டிரெஸ்ஸிங், ஒருவர் பி.பி., சார்ட் என்று பிரித்துக்கொள்வோம். காலையில் 40 பேருக்கு ஊசி போடுகிறேன். வீட்டுக்குப் போனால் ஒருவர் முகமும் நினைவில் இல்லை. இது என்னிடம் உள்ள குறையா?
– செவிலியர், மன்னார்குடி

பதில்: குறை உங்களிடம் இல்லை, சகோதரி. நாற்பது பேரின் கையை மட்டும் பார்ப்பவருக்கு முகம் நினைவில் இருக்க வேண்டிய அவசியம் என்ன?

வேலையை இப்படித் துண்டு துண்டாகப் பிரிப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆள் குறைவாக இருக்கும்போது எதுவும் விட்டுப்போகாமல் இருக்க இது உதவுகிறது. நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் பிரித்தேன். இதில் கெட்டுப்போவது ஒன்றே ஒன்று. செய்த வேலையின் பலன் யார் கண்ணிலும் படுவதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1960-களின் இறுதியில் மரீ மான்தி என்ற செவிலியரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த முறையைக் கைவிட்டு, ஒரு நோயாளி சேர்ந்தது முதல் வீடு திரும்பும்வரை ஒரு குறிப்பிட்ட செவிலியரே அவருடைய பராமரிப்புக்குப் பொறுப்பு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் ஆள் பலத்தில் அதை முழுமையாகச் செய்ய முடியாது. அதில் பாதியைச் செய்யலாம் என்பதை நான் ஒரு பாம்புக்கடியில் கற்றுக்கொண்டேன்.

குறுவை அறுவடைக் காலம். இரவு பத்து மணிக்கு மேல், வயலில் கண்ணாடி விரியன் கடித்தவரை டி.வி.எஸ். 50-இல் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். அப்போது வார்டில் உங்கள் வயதுள்ள ஒரு பெண் இருந்தார். நீங்கள் எழுதியிருக்கும் அதே சலிப்போடு மூன்று மாதமாக ஊசித் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தவர். விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும்; உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். அந்தக் குழாயை யாரும் தட்டிவிடக் கூடாது என்று அவர் மேசைக்கு முன்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீராக ஓடியது. டாக்டர் சொன்னபடி பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தைக் கரைத்து ஏற்றினோம். குப்பியைக் குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டிக் கரைத்தவரும் அவர்தான். ஆறு மணி நேரம் கழித்து, விடியும் முன், மறுபடி ரத்தம் எடுத்து வைத்தார். காலையில் நான் வார்டுக்குள் நுழைந்ததும் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, என் முகத்துக்கு நேரே தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

அன்றைய லிஸ்ட்டின்படி அடுத்த நைட்டிலிருந்து அவர் குழந்தைகள் வார்டுக்குப் போக வேண்டும். நான் அவரை அங்கே அனுப்பவில்லை. கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் அந்த நோயாளியின் சிறுநீர் அளவை மணிக்கு மணி பார்க்க வேண்டியிருந்தது. அவரையும் அருகிலிருந்த இன்னும் ஏழு பேரையும் நான்கு நாளைக்கு அந்தப் பெண்ணின் பொறுப்பிலேயே விட்டேன். ஐந்தாம் நாள் அந்த விவசாயி நடந்து வீட்டுக்குப் போனதை அவர் வாசல்வரை சென்று பார்த்தார். அதற்குப் பிறகு அவரிடம் நான் ஈடுபாட்டைப் பற்றிப் பேச நேர்ந்ததில்லை.

உங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். நாற்பது பேரை மூன்று பேர் வேலைவாரியாகப் பிரித்தாலும் படுக்கைவாரியாகப் பிரித்தாலும் ஆள் அதே மூன்று பேர்தான். படுக்கைவாரியாகப் பிரித்தால் ஒருவருக்குப் பதின்மூன்று நோயாளிகள் முழுமையாகச் சொந்தமாவார்கள். முதல் வாரம் நேரம் இழுக்கும், யாராவது முணுமுணுப்பார்கள். குறைந்தது மூன்று நாள் அதே படுக்கைகளை அதே ஆளுக்கு விட வேண்டும். இன்சார்ஜ் மறுத்துவிட்டால், நாளொன்றுக்கு இரண்டு நோயாளிகளை நீங்களே மனத்துக்குள் தேர்ந்துகொண்டு, அவர்களுடைய கேஸ் ஷீட்டை முழுவதும் படியுங்கள். நீங்கள் போட்ட ஊசி எதற்காக, அது என்ன செய்தது என்று மறுநாள் பாருங்கள். அது போதுமான மருந்து இல்லை. நோய் முற்றாமல் வைத்திருக்கும்.

கேள்வி: ‘பணி ஈடுபாடு’ என்பதை வகுப்பில் விளக்கும்போது மாணவிகள் அதைப் பணித்திருப்தி என்றோ தியாக மனப்பான்மை என்றோ புரிந்துகொள்கிறார்கள். எப்படி வேறுபடுத்துவது?
– செவிலியர் கல்லூரி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: வேலைக்குத் தன்னை முழுதாகக் கொண்டுவருவது என்ற பொருளில் இதை முதலில் விளக்கியவர் வில்லியம் கான் என்ற ஆய்வாளர், ஆண்டு 1990. வேலைக்குப் பொருள் இருக்கிறது, இங்கே வாய் திறந்தால் ஆபத்தில்லை, இதற்குக் கொடுக்க என்னிடம் தெம்பு மிச்சமிருக்கிறது என்ற மூன்று நிலைகளும் சேர்ந்தால்தான் மனிதர் அப்படி வருவார் என்றார். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்மர் ஷாஃப்லியும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் இதை ஊக்கம், அர்ப்பணிப்பு, ஆழ்ந்துபோதல் என்று மூன்றாகப் பிரித்து, 17 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பின்னர் அது ஒன்பது வாக்கியங்களாகவும் சுருக்கப்பட்டது.

மாணவிகளுக்கு இப்படிச் சொல்லலாம்: நல்ல சம்பளமும் எளிய வேலையும் உள்ளவர் திருப்தியாக இருந்துகொண்டே ஈடுபாடில்லாமல் இருக்கலாம். தியாகமோ, தெம்பு தீர்ந்த பிறகும் நிற்பது. அதைத்தான் நம் துறையில் காலங்காலமாகப் புகழ்ந்து, ஆள் போடாமல் இருப்பதற்கும் ஒரு சாக்காக வைத்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை, சரியாகக் கையாளப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தின் விளைவு என்று குறித்திருக்கிறது. அழுத்தம் வேலையிடத்தில் இருக்கிறது என்பதை மாணவிகள் படிக்கும் நாளிலேயே தெரிந்துகொண்டால், பின்னாளில் தங்களை நொந்துகொள்ள மாட்டார்கள்.

அந்த அளவுகோலை மருத்துவமனையில் பயன்படுத்தினால் பெயரோ ஊழியர் எண்ணோ கேட்கக் கூடாது. பெயர் எழுதச் சொன்ன தாளில் எல்லாரும் ஈடுபாட்டோடுதான் இருப்பார்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு வார்டு இன்சார்ஜாகப் பொறுப்பேற்றேன். என்னிடம் எட்டுச் செவிலியர் இருக்கிறார்கள். கண்டிப்பாக இருந்தால் முகம் சுளிக்கிறார்கள், தளர்த்தினால் வேலை நடப்பதில்லை. தவறு நடந்தால் மறைக்கிறார்கள். கூட்டம் போட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை எப்படி என் பக்கம் இழுப்பது?
– வார்டு பொறுப்புச் செவிலியர், மயிலாடுதுறை

பதில்: நான் இன்சார்ஜான புதிதில் ஸ்டாக் அலமாரிச் சாவியை முந்தானையில் முடிந்துவைத்திருப்பேன். கையுறை, ஊசிக்குழல், ட்ரிப்ஸ் ஏற்றும் வென்ஃப்ளான், சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் குழாய் எல்லாம் உள்ளே. தணிக்கையில் ஓர் எண்ணிக்கையும் குறையக் கூடாது என்பது என் வைராக்கியம். நைட்டுக்கு என்று கொஞ்சம் எடுத்து வெளியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் இரவு வெளியே வைத்திருந்த சக்ஷன் குழாய் தீர்ந்துவிட்டது. நைட் டூட்டியில் இருந்த பெண் நோயாளியை அட்டெண்டரிடம் ஒப்படைத்துவிட்டு, கீழ்த்தளத்து வார்டுக்கு ஓடிப்போய்க் கடன் வாங்கி வந்திருக்கிறார். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. காலையில் டூட்டி மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவரில் எல்லார் முன்னாலும், முன்பே கேட்டு வாங்கி வைக்கத் தெரியாதா என்று நான் அவரைத்தான் திட்டினேன். அவர் மிக அமைதியாக, ‘சாவி உங்களிடம் இருந்தது சிஸ்டர்’ என்றார். அதற்கு அடுத்த ஒரு வருடம் அந்தப் பெண் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

தவறை மறைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் 1996-இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார். நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் தொடங்கினார். பதிவான பிழைகள் அங்கேதான் அதிகம். பயமில்லாத இடத்தில் பிழையைச் சொல்கிறார்கள், பயமுள்ள இடத்தில் விழுங்கிவிடுகிறார்கள் என்பதே அதற்கு அவர் தந்த விளக்கம். உங்கள் வார்டில் ஒரு மாதமாக ஒரு பிழையும் பதிவாகவில்லை என்றால் கவலைப்படுங்கள்.

கூட்டத்தில் தலை நிமிர வேண்டுமென்றால், அவர்கள் சொன்ன ஏதோ ஒன்று ஒரு வாரத்துக்குள் நடந்து காட்ட வேண்டும். ‘ஏதாவது சொல்லுங்கள்’ என்று கேட்பதைவிட, ‘நேற்று இரவு எதைத் தேடி அலைந்தீர்கள்’ என்று கேளுங்கள்; அதற்கு எல்லாரிடமும் பதில் இருக்கும். கிடைக்கும் பதிலில் உங்கள் கைக்கு எட்டும் ஒன்றை உடனே செய்யுங்கள். கைக்கு எட்டாததைக் கண்காணிப்பாளருக்கு எழுதி, எழுதிய நகலை அவர்களுக்குக் காட்டுங்கள். வார்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, அடுத்த மாதம் யாருக்கு எந்த நாள் வேண்டும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பொங்கலுக்கு எட்டுப் பேரும் எழுதுவார்கள். சென்ற ஆண்டு பொங்கலன்று யார் டூட்டி பார்த்தது என்பதும் அதே நோட்டில் இருந்தால் உங்களிடம் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். நோயாளியின் முன்னால் யாரையும் திட்டாதீர்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் ட்ரீட்மெண்ட் ரூமுக்குள் கூப்பிட்டுக் கண்டியுங்கள். கண்டிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. கை கழுவாமல் டிரெஸ்ஸிங்கைத் தொட்டவரிடம் நான் கடைசி நாள்வரை கடுமையாகத்தான் இருந்தேன்.

அவர்களை உங்கள் பக்கம் இழுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஆள் குறைந்த ஒரு நைட்டில் நீங்களும் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு நான்கு படுக்கைகளைப் பார்த்தீர்களானால் அந்தக் கேள்வி மறைந்துவிடும்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகக் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. இப்போது அதைவிடப் பதிவேட்டுக்கும் கர்ப்பிணிகள், குழந்தைகள் பற்றிய ‘பிக்மி’ இணையப் பதிவுக்கும் அதிக நேரம் போகிறது. வேலை என்றாலே வெறுப்பாக இருக்கிறது.
– கிராம சுகாதார செவிலியர், வேதாரண்யம்

பதில்: ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர் என்ற கணக்கு வகுக்கப்பட்டபோது கையில் நோட்டு மட்டும்தான் இருந்தது. பதிவு தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். புயல் எச்சரிக்கை வரும்போது பேறுகால நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பது உங்கள் கடற்கரை வட்டாரத்தில் வழக்கம்; யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று அப்போது சொல்வது உங்கள் பட்டியல்தான். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பகுதியில் பணியாற்றும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெறுப்பு வருவது ஒரே தகவலை மூன்று இடத்தில் எழுதும்போது. ஒரு தாயின் ரத்த அழுத்தத்தை எத்தனை பதிவேட்டில் எழுதுகிறீர்கள், ஒவ்வொன்றையும் யார் கேட்கிறார்கள், கடைசியாக யார் திறந்து பார்த்தார்கள் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாதக் கூட்டத்தில் வையுங்கள். தனியாக வைக்காமல் நான்கைந்து பேர் சேர்ந்து வையுங்கள். எல்லாம் நீங்காது, யாரும் கேட்காமலேயே பழக்கத்தில் தொடரும் பதிவேடு ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும், அது நீங்கும். சிக்னல் கிடைக்காத ஊரில் நடுப்பகலில் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, பதிவுக்கென்று வாரத்தில் இரண்டு பிற்பகலை ஒதுக்கிக்கொள்ள மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேளுங்கள். மீதி நாட்களில் வீடுகளுக்குப் போகும் வேலை தடைபடாமல் நடக்கட்டும். அதில் உங்களுக்கு இருக்கும் பிடிப்பு இருபது ஆண்டுக்குப் பிறகும் போகவில்லை என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது.

கேள்வி: என் தந்தை பக்கவாதத்தால் பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். செவிலியர்கள் எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தார்கள். இவர்களுக்கு ஈடுபாடு வரவழைக்க நோயாளியின் குடும்பம் என்ன செய்ய முடியும்?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: எரிந்து விழுந்தது தவறு; வார்டில் எத்தனை பேர் இருந்தாலும் அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. அடுத்த முறை நேர்ந்தால் இன்சார்ஜிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சண்டையாக வேண்டாம். கைகலப்பு வரை போன கதைகள் நம் மாவட்டங்களிலும் உண்டு என்பதால்தான் மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்கென்று 2008-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது.

குடும்பம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஐந்து பேர் ஐந்து முறை ஒரே கேள்வியைக் கேட்காமல், ஒருவர் மட்டும் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிங் ஓவர் நடக்கும் அந்தக் கால் மணி நேரத்திலும், மருந்துத் தட்டோடு ஒருவர் நிற்கும்போதும், உயிருக்கு ஆபத்து என்றால் தவிரக் கூப்பிடாதீர்கள். மருந்தின் அளவு மாறிப்போவது அப்படிப்பட்ட குறுக்கீட்டில்தான். படுத்திருப்பவரைப் புரட்டிப் போடுவது எப்படி, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு அந்த வேலை உங்களுடையதுதான், அதைக் கற்றுக்கொடுப்பதில் பெரும்பாலான செவிலியர்களுக்கு ஆசையும் உண்டு. தந்தை இப்போது கை அசைக்கிறார் என்றால், அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது அந்த வார்டுக்கும் ஒரு நிமிடம் அழைத்துப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். அவர் எப்படி இருக்கிறார் என்று அவர்களிடம் இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.